ஹெலனுக்கு வந்த போன்

இல்ல சார், தப்பு. ஊரே அந்தத் தப்பத்தான் பண்ணிகினு கீது. சயின்ஸ் படிக்கிற பொண்ணுங்களுக்குக் குடுக்குற ஃபெல்லோஷிப்புன்னா ஏதோ பொங்கல் வேட்டி சேல மாதிரி, வரிசையில நின்னா கெடைக்கும்னு நெனச்சிகினு கீறாங்க. கெடையாது! கடல் தாண்டி போன் போட்டு கேள்வி கேக்குறாங்க சார். அப்புறந்தான் குடுக்குறாங்க.

இருங்க, நீங்க போன் பண்ணத்தான வந்தீங்க? பூத்துக்குள்ள ஆள் கீது. பச்ச சுடிதார்... எங்க எதிர் வூட்டு சாலமோன் பொண்ணு, ஹெலன். உப்புக்காத்துல இரும்பு எப்டி துருப்பிடிக்கிதுன்னு எம்.டெக். பண்ணவ. சதுரங்கப்பட்டினத்துல துருவுக்கா பஞ்சம்? எங்க வூட்டு கேட்ட வந்து பாருங்க. இங்கிலாந்துல ஒரு யுனிவர்சிட்டி, மேல ஆராய்ச்சி பண்ண ஆள் எடுக்குது. இந்த வருசம் வுட்டா வயசு தாண்டிடும், அப்புறம் அப்ளிகேசனே போட முடியாது.

போன வாரம் இன்டர்வியூ எங்க வூட்லதான் சார். தெருவுல எங்கிட்ட மட்டுந்தான் போன். எல்லாரும் பி.பி. நம்பர்னு எங்க நம்பரத்தான் குடுப்பாங்க. கால் வந்தா நாங்க போயி கூப்புடணும். புரொபசரு சொன்ன நேரத்துக்கு முன்னாடியே அடிச்சிட்டாரு. இவ ஜெபம் பண்ண சர்ச்சுக்குப் போயிட்டா. கூட்டியார எங்க வூட்டம்மா ஓடிச்சி. அதுவரைக்கும்... வெளிநாட்டு கால், ஊமையாட்டம் நிக்கிறதா? மரியாதைக்குப் பேசினேன்.

அவராத்தான் ஆரம்பிச்சாரு சார்! "மாமல்லபுரம் பக்கமா? ஏழு கோயில்ல ஆறு கடல்ல முழுகிடிச்சாமே?"ன்னாரு. படிச்ச மனுசன், இப்டி பேசலாமா? திருத்தணுமா வேணாமா? திருத்தினேன். அப்புறம் ரதத்துக்கு வந்தேன். அஞ்சு ரதம்... ஒவ்வொன்னாத்தான சொல்ல முடியும்?

ஹெலன் மூச்சு வாங்க ஓடியாந்து, "மாமா, போனக் குடுங்க மாமா"ன்னு கைய நீட்டிகினே நிக்கிறா. "இரும்மா, இன்னும் ரெண்டு ரதந்தான்"னேன். அந்தாளு, "ரொம்ப நன்றி, நேரமாயிடிச்சி, அடுத்த பொண்ணு காத்துகினு கீது"ன்னு வச்சிட்டாரு! ஆளுக்கு இருவது நிமிசந்தானாம். மொதல்லியே சொல்ல வேணாமா?

அழுதா பாவம். அப்புறம் செங்கல்பட்டு போயி, இ-மெயில் அனுப்பி, கெஞ்சி, இன்னொரு தபா பேச நேரம் வாங்கிகீறா. எங்க? இந்த பூத்துல! எங்க வூட்ல போன் சும்மா தூங்குது சார். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவங்கப்பாவ பாருங்க, கதவுல முதுக வச்சிகினு நிக்கிறாரு. வாட்ச்மேன் மாதிரி. இன்னாவாம்?

தோ... தோ... சிரிக்கிறா! கட்ட வெரலக் காட்டுறா! யோவ் சாலமோன், இன்னாய்யா? கெடச்சிடிச்சா? அக்டோபர்ல வரச் சொல்லிட்டாங்களா? ஆகா! இன்னும் லைன்ல கீறாரா அவரு? தள்ளுய்யா, ஒரே நிமிசம், ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடுறேன்...

சார், உள்ளாற தாப்பா போட்டுட்டா.