அழுகை நின்னாதான் கதவு

...நாலு வயசுப் பையன் செஞ்சதுக்கு நான் ஆபீஸ்ல அரை நாள் லீவு போடணுமாம். இந்த நாற்காலியப் பாருங்க, முட்டி தாடைல இடிக்குது. நீங்களும் மிஸ்ஸப் பாக்கத்தானே? உக்காருங்க, உக்காருங்க... உக்கார முடிஞ்சா.

என்ன நடந்துச்சுங்கறீங்களா? நேத்து கூடப் படிக்கற பொண்ணு இவன் அடுக்கின கட்டையெல்லாம் தட்டி விட்டுட்டாளாம். இவன் அவள பொம்மை ரூம்ல தள்ளி, லைட்ட அணைச்சு, கதவச் சாத்திட்டானாம். சரி, தப்புதான். ஒரு அதட்டு போட்டா முடிஞ்சுது. இந்த மிஸ் என்ன பண்ணாங்க தெரியுமா? அவன் முன்னாடி மண்டி போட்டு, "கோவம் வந்துச்சா கண்ணா? இப்ப அவளுக்கு என்ன செய்யலாம்?"னு ஆலோசனை கேட்டாங்களாம். கேளுங்க, நல்லா கேளுங்க... அடுத்த மாசம் ஸ்கூல் சாவியையும் அவன் கைல குடுத்துடுங்க. இவன் போய் அவளுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தானாம். தண்டனையா அது, விருந்தாளி உபசாரமா?

அதட்ட மாட்டாங்க, மூலைல நிக்க வைக்க மாட்டாங்க. பின்ன எப்படி உருப்படும்? எங்க வீட்ல வந்து பாருங்க, பெட்டிப்பாம்பா இருப்பான். எப்படி சாதிச்சேன்னு வீட்டுக்காரரே கேப்பாரு. ஒண்ணுமில்ல... தப்பு பண்ணா பாத்ரூம். லைட் ஆஃப். அழுகை நின்னாதான் கதவு. மிஞ்சிப்போனா அஞ்சு நிமிஷம்...

ஏங்க அப்படிப் பாக்கறீங்க? நான் அடிக்கலையே. ஒரு நாள்கூட கை வச்சதில்ல. கதவுக்கு வெளியதான் நிப்பேன். அது அவனுக்கும் தெரியும்... தெரியும்னுதான் நெனச்சேன்.

காலைல ஃபோன்ல மிஸ் சொன்னாங்க. கதவச் சாத்திட்டு இவன் எங்கயும் போகலையாம். வெளியவே உக்காந்து, கதவுல வாய வச்சு, "நான் இங்கதான் இருக்கேன், பயப்படாத, நான் போகல"ன்னு சொல்லிட்டே இருந்தானாம். ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேட்டதுக்கு, "சொல்லலேன்னா, எல்லாரும் விட்டுட்டுப் போயிட்ட மாதிரி இருக்கும் மிஸ்"னானாம்.

நான் ஒரு தடவகூட குரல் குடுத்ததில்லைங்க. குடுத்தா பயம் விட்டுப்போயிடுமேன்னு... மூச்ச அடக்கிட்டு நிப்பேன்.

கூப்பிடறாங்க பாருங்க. என்னத்தான்... இல்லைங்க, நீங்க முதல்ல போங்க. நான் அப்புறம் வர்றேன்னு சொல்லிடுங்க.