மீன்காரி கேட்ட கேள்வி

— அதை மட்டும் தொடாதையும், தயா!

— ஆர் தொட்டது? நான் உங்கட சூட்கேசைக் கவிட்டுக் கொட்டுறன். பாருங்கோ, வீடு முழுக்கக் கடற்கரை மண். அதுக்குள்ள நீங்கள் சுத்திக்கொண்டு வந்த சீஸ் வேற. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில இப்பிடி மணக்கிற வீடு இதொண்டுதான். ஆஸ்பத்திரிக் கடிதமும் சேந்து நாறுது.

— நாறினா நாறட்டும். கடிதத்தை என்ர கையில தாரும். ஒரு தேத்தண்ணி போடும், பிறகு பாப்பம்.

— என்னப்பா, பிரான்சால வந்து மூண்டு மணித்தியாலத்தில இது நாலாவது தேத்தண்ணி. கடிதம் வந்த அண்டு என்ன சொன்னியள்? "கடலுக்குப் போட்டு வந்து உடைப்பம்" எண்டு. போயாச்சு, வந்தாச்சு.

— கழுத்துக் கட்டியில ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தது எனக்கு, உமக்கில்லை. உடைக்கிற நேரத்தில உடைப்பன், கேட்டீரோ?

— கேட்டன், கேட்டன். பதினாலு நாளாத் தடவித் தடவி அந்தக் கட்டியே தேஞ்சு போச்சு.

— பகிடி விடும், விடும். ஆனா சொல்லும் பாப்பம், எப்பிடி ஒரு ஹொலிடே! முப்பத்தொரு வருசமா பெற்றோல் ஸ்டேஷனில ஒரு ஷிப்ட் விட்டிருப்பனே?

— விடேல்லை. அதுதான் எனக்கும் வயித்தெரிச்சல். இதுக்கு முதல் ஓய்வு நாள் பாத்து நாலு தரம் பிரான்சுக்குப் போனம். நாலு தரமும் பாரிசில எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல். கலியாண வீடு, சீலைக்கடை, கொத்துரொட்டி, திரும்பக் கப்பல். நான் கண்ட கடல், கப்பல் ஜன்னலுக்கால கண்டதுதான்.

— இந்த முறை காட்டினனே! கடலுக்குப் பக்கத்தில வீடு எடுத்து, கடிதம் வந்த அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போகேல்லையே? நீர்தான் அவிச்சு வைச்ச புட்டையும் டப்பாவில அடைச்சுக்கொண்டு வந்தீர். ஆரும் தொட்டதே?

— தொட எங்க நேரம்? விடிய எழும்பிச் சந்தை. நீட்டுப் பாணை வாங்கினா, கடிச்சுக் கடிச்சு வீட்டு வாசலுக்கு வரேக்க பாதிதான் மிச்சம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்ரண்டு மணிக்கு இருந்தா மூண்டரைக்குத்தான் எழும்புவியள். தக்காளியை அமத்திப் பாத்து ஒருத்தியிட்ட கையில அடியும் வாங்கினியள்.

— அமத்திப் பாக்காமல் தக்காளி வாங்கிறவன் மனிசனே?

— நத்தையும் திண்டியள்.

— நத்தையோ! இறைச்சியெண்டெல்லோ சொன்னனீர்!

— நத்தைக்குள்ளயும் இறைச்சிதானே இருக்கு.

— உம்மை நம்பி வாயைத் திறந்தன் பாரும்!

— வாயை மட்டுமே? சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு கடலுக்க பாஞ்சியள். வெள்ளைக்காரப் பிள்ளையள் கைதட்டிச்சினம்.

— சாகப்போறவனுக்கு என்ன வெக்கம்?

— அந்த மீன்காரியை மட்டும் கண்டா ஒளிச்சியள்.

— அவளின்ர கதையை விடும். முதல் நாள், நான் என்ர பாட்டில மீனின்ர செவுளைத் தூக்கிப் பாத்துக்கொண்டு நிக்கிறன். பல்லைக் காட்டிக்கொண்டு கேக்கிறாள், "சாவா?" எண்டு. தமிழில! நெஞ்சு ஒருக்கா நிண்டிட்டுது, கேட்டீரோ.

— அதுக்கு நீங்கள் சொன்ன மறுமொழி?

— உள்ளதைச் சொன்னன். "இன்னும் தெரியாதம்மா, கடிதம் உடைக்கேல்லை" எண்டு.

— பாவம், ஒண்டும் விளங்காமல் மீனுக்குப் பிழிய ஒரு தேசிக்காயைச் சும்மா தந்தவள். "சுகமோ எண்டு கேக்கிறாள், பிரெஞ்சில கேள்வியும் அதுதான், மறுமொழியும் அதுதான், அவள் சாவா எண்டா நீங்களும் சாவா எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ" எண்டு எத்தினை தரம் படிப்பிச்சன்! எங்கட மகள் பிரீத்தா பள்ளிக்கூடத்தில படிச்ச பிரெஞ்சு எனக்கெண்டாலும் உதவிச்சுது.

— வாய் வரேல்லை, தயா. பாண்கடைக்காரன் சாவா, சீஸ்காரன் சாவா, நாயைக் கொண்டு போற கிழவி சாவா. ஊரே கூடி எனக்கு நாள் பாக்குது எண்டு நினைச்சன்.

— ஐயோ, என்ர வயிறு நோகுது.

— சிரியாதையும். எனக்குப் பயம். ஒவ்வொரு பின்னேரமும் கரையில உம்மட கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தது ஏனெண்டு நினைக்கிறீர்? இனிப் பிடிக்கக் கிடைக்காதெண்டு. பிரீத்தாவின்ர கலியாணம் பாக்காமல் போயிடுவனெண்டு.

— தெரியும்.

— சரி, இந்தாரும், நீரே உடையும். இல்லை, பொறும், பொறும், தரமாட்டன்! முதல் வாயால ஒரு நல்ல சொல்லுச் சொல்லும். தயா... சாவா?

— சாவா. பிரெஞ்சில.

— என்ன?

— சுகம் எண்டு சொல்லுறன். வெறும் கொழுப்புக் கட்டியாம். வெட்டவும் தேவையில்லையாம்.

— கடிதம் என்ர கையிலயெல்லோ இருக்கு! உடைக்காமல் உமக்கு எப்பிடி...

— ஒட்டின இடத்தை வடிவாப் பாருங்கோ.

— இதென்ன வெள்ளையாக் காஞ்சு போய்... சோத்துப் பருக்கையோ?

— வீட்டில பசை இல்லை.

— எப்ப திறந்தனீர்?

— கடிதம் வந்த அண்டைக்கே. புட்டுப் பானை கொதிச்சுக்கொண்டு நிண்டது, ஆவியில பிடிச்சன்.

— அடிப் பாவி! பதினாலு நாள் நான் செத்துச் செத்துப் பிழைக்கிறன், நீர் பக்கத்தில இருந்து பச்சைச் சிப்பி உறிஞ்சினனீர்! ஒரு வார்த்தை சொல்லேலாதே?

— சொல்லத்தான் குசினியால ஓடி வந்தனான். வந்தா, நீங்கள் மனேஜர் சண்முகராசாவுக்குப் போன் அடிச்சு, "ரண்டு கிழமை வரமாட்டன், மனிசியோட கடலுக்குப் போறன்" எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறியள். அந்தச் சொல்லுக்கு முப்பத்தொரு வருசம் காத்திருந்தனானப்பா. உங்களுக்கு ஒண்டுமில்லை, வேலைக்குப் போங்கோ எண்டு நான் எந்த வாயால சொல்லுறது?