மீட்டர் சரியாகத்தான் காட்டியது

டீ ஆறிவிடப் போகிறது, குடியுங்கள் இன்ஸ்பெக்டர். விலைதான் அதலபாதாளத்துக்குப் போய்விட்டதே ஒழிய, எங்கள் கோத்தகிரித் தேயிலையின் ருசிக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் சுடலைமணியின் ரேடியோக் கேபிளை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். இனி மழுப்புவதில் அர்த்தமில்லை.

சுடலைமணி எதிர்மலை எஸ்டேட்டில் ஃபேக்டரி மெக்கானிக். என்னைப் போலவே லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரன். தேயிலை விலை விழுந்து கம்பெனி ஃபேக்டரியை மூடியதும் அங்கே போன் இணைப்பும் போயிற்று. தொழிலாளர் லயன் வீடுகளில் இருந்த அத்தனை பேருக்கும் வெளியுலகம் என்றால் அவன் ரேடியோதான்.

என் வீடு பள்ளத்தில் இருக்கிறது. காலையில் பல ஊர் ஹாம்கள் ரேடியோவில் கூடிப் பேசும்போது என் குரல் மலையைத் தாண்டாது. அவனுக்கு மட்டும் கேட்கும். "ஜெகதீசன் சார் எல்லாருக்கும் வணக்கம் சொல்றாருங்க" என்று அவன்தான் எடுத்துச் சொல்வான். காலேஜில் பாடம் நடத்தியவன் நான். என் பேச்சை ஊர் ஒரு மெக்கானிக்கின் வாயால் கேட்டது. வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

காட்டெருமை மிதித்து, ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் அவன் கேபிள் நைந்துபோனது. புதிது வாங்க வழியில்லாமல் என்னிடம் வந்தான். கொட்டகைக்கு வெளியே மழையில் கிடந்த நீளமான கேபிள் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தேன். உள்ளே தண்ணீர் ஏறிக் கம்பி பச்சை பூத்திருந்தது எனக்குத் தெரியும்.

இங்கே ஆன்டெனாவைச் சோதிக்கும் கையடக்க மீட்டர் வைத்திருப்பது நான் ஒருவன்தான். அனுப்பும் சக்தி திரும்பி வராவிட்டால் அதன் முள் ஒன்று என்ற எண்ணை ஒட்டி நிற்கும், அதுதான் நல்ல அளவு. ஆன்டெனா நன்றாக இருந்தாலும் திரும்பாது, ஈரக் கேபிள் வழியிலேயே தின்றுவிட்டாலும் திரும்பாது. மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அளந்தால் அப்போதும் அதே எண் வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். கழற்றிப் பார் என்று நான் சொல்லவில்லை.

"ஒன்னு புள்ளி ஒன்னுங்க சார்! இத்தனை நல்லா வந்ததே இல்லீங்க" என்று குதித்தான். நிறைமாதமாக இருந்த அவன் மனைவி ரேணுகா வரக்காப்பி கொண்டுவந்து, வாய் நிறைய நன்றி சொன்னாள்.

மறுநாள் முதல் அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. "ஏனுங்க சார், எங்கீங்க தப்பு?" என்று கேட்டான். மறுபடி அளந்து காட்டினேன். அதே எண். வானிலை சரியில்லை, பொறுத்திரு என்றேன். மீட்டரைக் கண்ணால் பார்த்தவன், நம்பினான். எங்கள் ஆட்கள் எல்லோருமே அந்த முள்ளைத்தான் நம்புவார்கள்.

பிறகு அடைமழை. மண் சரிந்து எஸ்டேட் ரோடு போயிற்று. அன்று மத்தியானம் நான் ரேடியோ முன்னால் இருந்தேன். எதிர்மலைதானே, அவன் குரல் மெலிதாக எனக்கு மட்டும் எட்டியது.

"யாராச்சும் இருக்கீங்களா? என்ற சம்சாரத்துக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுங்க. ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க சாமி."

நான் ஒரு போன் செய்திருந்தால் காட்டு வழியாக ஜீப் வந்திருக்கும். போன் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ரேணுகாவின் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தான். "நாந்தான் சரியாக் கூப்பிடலீங்களா சார்?" என்று அழுதான். இருக்கலாம் என்றேன். தோளில் தட்டியும் கொடுத்தேன்.

எத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள். கடைசிவரை. டோலி தூக்க ஆள் தேடி அவன் வெளியே ஓடியிருக்க வேண்டும், பிறகு மைக்கைப் பிடித்துப் பேசியது ரேணுகா. "ஜெகதீசன் சார், நீங்களாவது இருக்கீங்களா?" என்று என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். உண்மையாகச் சொல்கிறேன், பதில் சொல்லக் கை போனது. ஆனால் அவளிடம் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவரோடு பேசுவது விதிப்படி குற்றம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு விதியைக்கூட மீறியதில்லை, நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பார்க்கலாம்.