பெயர் மாற்றம்

பெங்களூரில், காக்ஸ் டவுனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மா, துண்டில் சுற்றிய பழைய ஹார்ட் டிஸ்கை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய கொழுந்தனார்.

“இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவ நான். எனக்கு அனுமதி இல்லைன்னு சொல்லுது பாரு தம்பி, உன் புது கம்ப்யூட்டரு.”

“டிஸ்க் நல்லாத்தான் சுத்துது அண்ணி. அதுக்குன்னு தனியா கேபிள் வாங்கி மாட்டினதும் அண்ணன் ஃபோல்டர் வந்துச்சே. அவரு பழைய கம்ப்யூட்டர்ல அது அவரு பேருல இருந்தது, அதான் இதுல திறக்க மாட்டேங்குது.”

“அவரு பாடி வெச்சதெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அந்தக் குரலை ஒரு தடவை கேட்டா போதும்பா.”

“கேக்கலாம் அண்ணி. ஓனர்ங்கிற எடத்துல அண்ணன் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடணும். அஷ்டே, அவ்ளோதான்.”

சிக்னலில் பஸ் நின்றது.

“கரண்டு பில்லுல அவரு பேரை எடுத்தாச்சு, கேஸ் கனெக்ஷன்ல எடுத்தாச்சு, ரேஷன் கார்டுலயும் எடுத்தாச்சு.”

துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினார்.

“இதுலயாவது அவரு பேரு இருக்கட்டும் தம்பி.”