சாவா மூவா ஆடுகள்

படுத்துக் கிடக்கிறோம். நான். மகள் கயல். அவளுடைய அப்பா. முதுகுக்குப் பின்னால் கருங்கல் சுவர். முன்னால் மண்மூட்டைகள். வடக்கே பீரங்கியில் செல் குத்தும் சத்தம். டும். அது காதுக்கு முன்னம் அடிவயிற்றுக்குக் கேட்கும். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் பொல்லாதது. பிறகு கூவிக்கொண்டு வரும்.

"தலையைத் தூக்காத! படு! படு!"

கத்துகிறவர் என் கணவர், தவராசா மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் சத்தம் போடாத சரித்திர வாத்தியார்.

செல் கோயில் கேணிக்குள் விழுந்தது. சேறு எங்கள் மேல் கொட்டியது. கயலுக்கு ஆறு வயது. அழவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் வயிற்றில் முகத்தை அழுத்தி வைத்திருந்தாள்.

மாசி மாதம். வியாழக்கிழமை. காலை. பக்கத்து மருதமரத்தடியில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் கிடந்த இடம் வன்னிக் காட்டுக்குள் இடிந்துபோன ஒரு சிவன் கோயில். சோழர் கட்டியது. கடல் கடந்து வந்தார்கள். பொலநறுவையில் இருந்து ஆண்டார்கள். பிறகு தோற்றார்கள். படை கப்பலேறிவிட்டது. கோயில் காட்டுக்குள் நின்றுவிட்டது. எங்கள் காலத்தில் மிஞ்சியிருந்தது ஒரு வாசலும் ஒரு சுவரும். சுவரில் கல்வெட்டு.

மாஸ்டர் ஒவ்வொரு வருடமும் உயர்தர வகுப்பைச் சைக்கிளில் அங்கே கூட்டிக்கொண்டு போவார். ஒரு விளக்கு நெய்யில் அணையாமல் எரிய யாரோ தொண்ணூறு ஆடு கொடுத்த செய்தி அந்தக் கல்வெட்டு. சாவா மூவாப் பேராடு என்று வெட்டியிருந்தது. பிள்ளைகள் சிரிப்பார்கள். சாகாத ஆடு எங்கே இருக்கிறது, சேர்?

"ஆடு சாகும். மந்தையின்ர கணக்குக் குறையக் கூடாது. செத்த ஆட்டுக்குப் பிறந்த குட்டி ஈடு. சந்திரனும் சூரியனும் இருக்குமட்டும்."

பேரரசு எப்படிச் சரிந்தது என்று பாடப்புத்தகத்தில் முழு அத்தியாயமே இருந்தது. அவருக்கு அது போதாது. வீட்டில் சோறு தின்னும்போதும் அதே பேச்சுத்தான். "அரசன் தோத்தது எல்லாருக்கும் தெரியும். அந்த ஆட்டை மேய்ச்சவன் என்ன ஆனான்? படை போன பிறகு ஆரிட்ட நெய் குடுத்தான்? அதை ஒருத்தரும் எழுதேல்லை." எனக்கு எரிச்சல் வரும். அரிசி முடிந்துவிட்டது, இவருக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்திய இடையனின் கவலை.

இடம்பெயர்ந்து போனவர்கள் எல்லாரும் கடலேரிப் பக்கம் போனார்கள். நாங்களும் போயிருக்க வேண்டும். மாஸ்டர் இந்தக் கோயிலைக் கண்டதும் நின்றுவிட்டார். இவ்வளவு காலம் நின்ற கல்லு, இதுக்கு ஒருத்தனும் அடிக்கமாட்டான் என்றார். படித்த மனிதனுடைய நம்பிக்கை. நானும் களைத்துப்போயிருந்தேன். நம்பிவிட்டேன்.

சாக்கு இல்லை. வன்னி முழுக்க அப்போது சேலைகளைத்தான் வெட்டி மண்மூட்டை தைத்தோம். பூப்போட்ட மூட்டை, சரிகை மூட்டை. என்னிடம் கைத்தையல் மெசின் இருந்தது. அயலுக்கெல்லாம் தைத்தேன். கடைசியில் என் கல்யாணக் கூறைச்சேலையையும் வெட்டினேன். அந்த மூட்டைகளை அவர் கொண்டுபோய் முதலில் எங்கே அடுக்கினார் தெரியுமா? கல்வெட்டுக்கு முன்னால். பதுங்குகுழி பாதி வெட்டினபடி கிடந்தது.

"கல்லுக்குக் கூறை உடுத்துறியள். பிள்ளையைப் பாக்கமாட்டியளே?" என்றேன். நன்றாக ஏசினேன்.

அவர் குனிந்தார். மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, பிள்ளை படுக்க இடம்விட்டு, திரும்ப அடுக்கினார். அந்த இடைவெளியில்தான் இப்போது கிடக்கிறோம்.

டும்.

"மற்றது வருது! அசையாத!"

ஒரு மூட்டை சரிந்திருந்தது. அதை இழுக்க அவர் எழும்பினார். அரைவாசிதான் எழும்பினார்.

கிட்ட விழும் செல்லின் சத்தம் கேட்காது. கேட்கவில்லை. வெளிச்சம். பிறகு தூசி. வலது தோளில் நெருப்புப் பட்டது. பிள்ளையைத் தடவிப் பார்த்தேன். மூச்சு இருந்தது. சுவர் இல்லை. வாசலின் மேற்கல் விழுந்து கிடந்தது. அதற்குக் கீழே அவர். முகத்தில் ஒரு காயமும் இல்லை. மருதமரமும் இல்லை. கஞ்சிப்பானை மட்டும் கவிழாமல் இருந்தது.

வழியால் போன இரண்டு பேர் கல்லைப் புரட்டித் தந்தார்கள். பாதி வெட்டின குழியிலேயே வைத்தோம். என்னால் வலது கையைத் தூக்க முடியவில்லை. கூறை மூட்டையின் தையலைப் பல்லால் பிரித்தேன். நானே இறுக்கித் தைத்த தையல். மண்ணைத் தட்டிவிட்டு, துணியை அவர் மேல் விரித்தேன். அந்த மண்ணையே மேலே போட்டோம்.

பிறகு கடலேரி. முகாம். வேலி. நான்கு வருடம் கழித்துக் கனடா.

இப்போது ஸ்காபரோ. ஒரு வீட்டின் பேஸ்மென்ற். தையல் மெசின் இரண்டு. நான் பிளவுஸ் தைக்கிறேன். கயல் வேலைக்குப் போகிறாள். தை மாத விழாவுக்கு இந்த முறை சோழர் நாட்டிய நாடகம். அரசனுக்கு உடுப்பு என்னிடம் வந்தது. "அன்ரி, நல்லா மினுங்க வேணும், பின்னுக்கிருக்கிற ஆக்களுக்கும் தெரிய வேணும்" என்றார் பொறுப்பாக இருந்த தம்பி. சரிகை தைத்துக்கொண்டிருந்தேன். துணியில் சிவப்பு. ஊசி விரலுக்குள் போயிருந்தது. எனக்குத் தெரியவில்லை. மூன்று விரல் மரத்துப்போயிருந்தது.

கயல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தோளில் செல் துண்டு, இரும்பு என்றுதான் இவ்வளவு காலமும் எல்லா டொக்டருக்கும் சொல்லி வந்தேன். அதை வெறுத்தேன். குளிரில் குத்தும்போது அதை அடித்தவனைத் திட்டுவேன். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். திரும்பப் பார்த்தார். கயலிடம் ஏதோ கேட்டார்.

"அம்மா, உது மெற்றல் இல்லையாம். இரும்பெண்டா நல்ல வெள்ளையாத் தெரியுமாம். ஸ்ரோன் ஆம்."

கல்.

எனக்குள் இருந்தது அந்தச் சுவர். மாஸ்டர் காவல் காத்த சுவர். நரம்பை அழுத்துகிறது, எடுக்காவிட்டால் கை போய்விடும் என்றார் டொக்டர். நான் வேண்டாம் என்றேன். மாஸ்டருக்கு ஒரு கல்லறை இல்லை. எழுதிவைத்த இடம் இல்லை. மிஞ்சியிருப்பது இது ஒன்று. இதையும் எடுத்து யாரோ குப்பையில் போடுவதா?

காருக்குள் கயல் சாவியைத் திருகவில்லை. ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் காலையிலும் அழாத பிள்ளை.

"நீங்களும் அப்பா மாதிரித்தான். கல்லைத்தான் பாக்கிறீங்கள். நான் இஞ்ச இருக்கிறன், அம்மா. ஐ ஆம் ரைற் ஹியர்."

நான் அவரை ஏசிய ஏச்சு அது. அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கவில்லை. மூட்டையை நகர்த்திய மனிதனை நினைத்தேன். ஏச்சு வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு இடம்விட்டு அடுக்கிய மனிதன். அடுத்த கிழமை கல்லை எடுக்கக் கையெழுத்துப் போட்டேன்.

எடுத்ததைச் சின்னப் பிளாஸ்ரிக் டப்பாவில் தந்தார்கள். புளியங்கொட்டை அளவு. கறுப்பு. எழுத்து ஏதும் இருக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. கயல் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

விழாவுக்குப் போனோம். றெஜிபோம் அட்டையில் வெட்டிய கோபுரம். அரசன் மினுங்கினான். கடல் கடந்து ஆண்ட இனம் என்று ஒருவர் முழங்கினார். சனம் கைதட்டியது. விளக்குக்கு ஆடு மேய்த்தவனை மேடையில் தேடினேன். அவனுக்கு உடுப்புத் தைக்கச் சொல்லி ஒருவரும் என்னிடம் வரவில்லை.

மறக்காமல் இருப்பதற்காகக் கணக்கை எழுதுகிறேன். வாசல் ஒன்று. சுவர் ஒன்று. அதிலிருந்த கல்வெட்டு. கைத்தையல் மெசின் ஒன்று, தூக்கிவர முடியாமல் விட்டது. சேலைகள் பதினொன்று, கூறையோடு. மருதமரத்தடியில் தாய் ஒருத்தி, பிள்ளைகள் இரண்டு. பெயர் கேட்டு வைக்கவில்லை, அது இன்னும் என்னைத் தின்கிறது. என் மூன்று விரல்களில் இரண்டுக்கு உணர்வு திரும்பியது, ஒன்றுக்கு இல்லை. சரித்திர வாத்தியார் தவராசா, வயது நாற்பத்திரண்டு.

ஆட்டை மேய்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், மாஸ்டர். ஸ்காபரோவில் இருக்கிறோம். தைக்கிறோம். செத்ததுக்கு ஈடு பிறக்கும், கணக்குக் குறையாது என்று அந்தக் கல்லில் வெட்டியிருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு பேர்தான் இருக்கிறோம். ஒன்று குறைகிறது.