இடது காலின் வெளி விளிம்பு

எனக்குச் சகலைமேல் எந்தக் கோபமும் கிடையாது, கோச். காலையில் அவருக்கு ஷூ லேஸ் இறுக்கிக் கட்டிவிடுவதே நான்தான். குனிந்தால் அவருக்குத் தொப்பை இடிக்கும். ஐஸில் சறுக்கும்போது மட்டும் எப்படித்தான் அவ்வளவு தாழக் குனிகிறாரோ.

நாற்பது தாண்டியவர்களுக்கான இந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் முகாமுக்கு அவரைக் கூட்டிவந்ததும் நான்தான். "டிவி முன்னாடியே கிடக்கறாரு, கூட்டிட்டுப் போங்க" என்று என் மனைவியின் அக்கா கெஞ்சினார். நாலு தடவை விழுந்துவிட்டு என்னை அண்ணாந்து பார்ப்பார் என்று நினைத்தேன். நான் வருஷக்கணக்கில் முக்கி முனகிக் கற்ற வளைவை மனுஷன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். "எல்லாரும் அவரைப் பாருங்க" என்றீர்கள். நானும் பார்த்தேன். வயிறு எரிந்தது. போனில் என் மனைவி, "அத்தான் பின்றாராமே? நீங்களும் அங்கதான் இருக்கீங்களா?" என்றாள்.

கிளப் அணியில் காலியாக இருந்ததோ ஒரே இடம்.

அவருக்கு ஷூவின் அடி பிளேடைத் தீட்டத் தெரியாது. "குடுங்க சகல, நான் பாத்துக்கறேன்" என்றேன். இரண்டையும் ஸ்டாண்டில் கவிழ்த்துப் பூட்டி, கல்லை ஓட்டி, பிசிறு எடுத்து அருமையாகத் தீட்டினேன். இடது பிளேடின் வெளி விளிம்பை மட்டும் சாவியால் லேசாகத் தடவிக்கொடுத்தேன். நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது. ஆனால் நாம் திரும்புவதெல்லாம் இடப்பக்கம். வளைவில் வலது காலைத் தூக்கித் தாண்டி வைக்கும்போது, மொத்த உடம்பும் அந்த விளிம்பில்தான் நிற்கும்.

விழுந்தார். "சாய்வு பத்தல, இன்னும் சாயுங்க" என்றது நீங்கள், கோச். நானில்லை. அவர் இன்னும் சாய்ந்தார், இன்னும் பலமாக விழுந்தார். சாயங்காலம் என்னிடமே வந்து, "பிளேடு பிரமாதம் சகல. என் காலுதான் சரியில்ல" என்றார். பாவமாக இருந்தது. மறுபடி தடவினேன்.

தேர்வு ஓட்டத்தில் அவர் தொடை எலும்பு முறிந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனது யார்? அவர் மனைவி அழுதுகொண்டே எனக்குத்தான் நன்றி சொன்னார்.

இப்போது நீங்கள் அந்த விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். ஆமாம், நான்தான் மழுக்கினேன். அணியிலிருந்து தூக்குங்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். அந்த ஷூவை மட்டும் என்னிடமே கொடுத்துவிடுங்கள். எலும்பு கூடியதும் அவர் திரும்ப ஐஸில் இறங்குவார், தீட்டி வைக்க வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனசு வராது.