ஏழாம் அறைக் கட்டில்

அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டுவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது நம்ம ஊர் கெர்த்துவின் தங்கை சைமிக்கு நடந்தது...

மாலை நாலு மணி. வடதுருவத்தை ஒட்டிய நாடு, டிசம்பர் மாதம், அதனால் நல்ல இருட்டு. கயானி ஊருக்கு வடக்கே காட்டுச்சாலை... எதிரே ஒரு வண்டி கிடையாது. அதன் கோடியில் மூடிப்போன ஆஸ்பத்திரி. நோயாளிகள் போய்விட்டார்கள்; பழைய கருவிகளை மட்டும் நெட்வொர்க்கில் ஓடவிட்டிருந்தார்கள். ஹேக்கர்களிடமிருந்து அவற்றைக் காக்கப் படிப்பவர்களுக்கு அங்கேதான் பரீட்சை.

சைமி ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டவள். இன்றும் தோற்றால் படிப்பே போச்சு.

திரையில் கோளாறைப் பிடித்துவிட்டாள். ஏழாம் அறை, மருந்து ஏற்றும் பம்ப். யாரோ புகுந்து வேகத்தை மாற்றியிருந்தார்கள். நிறுத்தினால் தேர்ச்சி. ஆனால் எதை நிறுத்துவதானாலும் முதலில் நடந்துபோய்க் கட்டிலில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான்.

"போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

கூட்டாளி யால்மரி சிரித்தான். "அந்தக் கோடி வரைக்கும் லைட்டே இல்ல. காலிக் கட்டில்கிட்ட குசலம் விசாரிக்கப் போறியா? பாத்தாச்சுன்னு டிக் போடு தாயே, பசிக்குது."

டிக் போட்டாள். நிறுத்தினாள்.

டிங்...

நர்ஸைக் கூப்பிடும் மணி. உள்ளே, தூரத்தில்.

டிங்... டிங்...

"யாருடா அது?"

"ப... பழைய வயரு. விடு."

மணி வேகமெடுத்தது. பிறகு விடாமல் ஒரே அழுத்தாக... சட்டென்று நின்றது.

சைமி ஓடினாள். நடைவழி முழுக்க ஸ்பிரிட் வாடை, புதிதாக. ஏழாம் அறை. யாருமில்லை. பம்பில் தொங்கியது காலையில் பயிற்சியாளர் கட்டிய பை, வெறும் தண்ணீர். பாதிக்குமேல் இறங்கியிருந்தது. குழாயின் முனை எதிலும் செருகாமல் விரிப்பின்மேல் கிடந்தது. தடவினாள்... விரிப்பு, மெத்தை, தரை. ஒரு பொட்டு ஈரமில்லை.

தலையணை தொட்டால் சூடு.

"ஐயோ... மன்னிச்சுக்குங்க... இதோ, இதோ..." பம்பை மறுபடி ஓட்டினாள். மோட்டார் முனகியது. குழாயில் தண்ணீர் நகர்ந்தது. அவள் முனையையே பார்த்தாள்.

ஒரு சொட்டு திரண்டது... இந்த முறை விரிப்பில் விழுந்து, நனைத்தது. வாங்கிக்கொள்ள இனி யாருமில்லை.